நாலாவது ரீல்

உருளைக்கிழங்கு சொசைட்டி குடோனில்
இரண்டு வேட்டியைச் சேர்த்துத் தைத்துக் கட்டி
இங்கிலீஷ் படம் போட்டார்கள் மன்னவனூரில்.
ப்ரொஜெக்டர் கொடைக்கானல் பள்ளிக்கூடத்தில் இரவல்.
சாக்கு மூட்டைகளின் மேல் நாங்கள்.
இந்தப் பக்கம் கவுஞ்சி, அந்தப் பக்கம் கூக்கால்,
நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு
யாரும் உட்காரவில்லை.

நான் கவுஞ்சிப் பக்கம், தவசியின் பெண்டாட்டியாக.
எதிரே என் அண்ணன் மலையாண்டி,
தம்பி பூவேலன், அண்ணி அங்காயி.
ஆனியிலிருந்து பேச்சில்லை.
ஓடையோரத்து எல்லைக்கல் இரவோடு இரவாக
பூண்டுப் பாத்திக்குள் நாலடி நடந்திருந்தது.
கல்லுக்குக் கால் முளைத்தால் நான் என்ன செய்ய என்றார்
என் வீட்டுக்காரர்.
முளைத்த காலை வெட்டுவேன் என்றான் அண்ணன்.

படத்தில் தூசி.
எங்கள் மலை ஏழு ஜென்மத்தில் பார்க்காத தூசி.
குதிரைகள் ஓடின, ஓடிக்கொண்டே இருந்தன.
"ரெண்டு பூண்டு மூட்டைய ஏத்திட்டு ஓடச் சொல்லு"
என்றான் குதிரைக்காரச் சடையன்.
குடோன் முழுக்கச் சிரித்தது.
சேர்ந்து சிரித்துவிட்டோம் என்று தெரிந்ததும்
சட்டென்று நின்றது.

கிளார்க் தேவசகாயம் எழுந்து நின்று வசனம் சொன்னார்.
"இவன் புல்ல அவன் மாடு மேஞ்சிருச்சு."
"இது அப்பன்காரர். நம்ம ரத்தம்னா நம்ம ரத்தம்தாங்கிறார்."
"வேலிக்கு அந்தாண்ட நிக்கிறவன் இவனுக்கு மச்சான்."
அதைச் சொன்னபோது மட்டும் குரல் இறங்கியது.

கதவில் சாய்ந்து ஒருத்தி நின்றாள், மாவு ஒட்டிய கையோடு.
அண்ணனைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.
வாய் அசைந்தது.
"என்ன சொல்றா?"
அத்தனை பேருக்கு நடுவில் நான் வாய் திறந்தது அன்றுதான்.
தேவசகாயம் கண்ணாடியைத் துடைத்தார்.
"அவளுக்கு வசனம் பெருசா இல்லம்மா."

எதிரெதிரே இரண்டு பேர்,
துப்பாக்கிப் பிடியில் விரல்.
விளக்கு எரிந்தது.
மதுரையிலிருந்து வந்த நாலாவது ரீல்
வத்தலக்குண்டில் வேறு பஸ் ஏறிவிட்டதாம்.
ஐந்தாவதைப் போட்டார்கள்:
ஒரே ஒரு குழிமேடு, குச்சிச் சிலுவை,
அதே பெண்.
உள்ளே யார் என்று கடைசிவரை சொல்லவில்லை.

மச்சான்தான் என்றது கூக்கால்.
அண்ணன்தான் என்றது கவுஞ்சி.
பந்த வெளிச்சத்தில் வீடு வரும்வரை
என் வீட்டுக்காரர் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்,
சந்தோஷமாக.

அவர் குறட்டை நிலைத்ததும்
பரணிலிருந்து நாட்டுத் துப்பாக்கியை இறக்கினேன்.
பன்றிக்கென்று கெட்டித்த மருந்து.
பூண்டு கழுவிய தண்ணீரைக் குழலுக்குள் விட்டேன்,
பிள்ளைக்குச் சங்கில் புகட்டுவது போல,
சொட்டுச் சிந்தாமல்.

விடியலில் ஓடை தெரியவில்லை, சத்தம் மட்டும்.
மூடுபனிக்குள் இரண்டு ஆண்கள், நடுவில் கல்.
நான் சோலைக்குள், விறகுக்கு வந்தவள் போல.
எங்களுடையதில் கேப் மட்டும் பொரிந்தது,
தாளிப்பில் கடுகு மாதிரி.

இனி அண்ணன் சுடுவான்.
இதை நேற்றே யோசித்திருக்க வேண்டும்.
யோசிக்கவில்லை.
கண்ணை இறுக மூடினேன்.

மறுபடியும் கடுகு.

திறந்தபோது இரண்டு பேரும்
தங்கள் தங்கள் குழலுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
அக்கரைப் புதரில் அண்ணி.
அவள் கையிலும் விறகில்லை.

பங்குனியில் சர்வேயர் வந்து சங்கிலி இழுத்தார்.
கல் பழைய இடத்திலும் தப்பு, புது இடத்திலும் தப்பு.
இரண்டு வீட்டுக்கும் நாலடி காட்டிலாகாவுக்குப் போனது.
அடுத்த வாரம் பூவேலன் வந்தான்,
மூட்டை இறக்க எங்கள் குதிரையைக் கேட்டு.
கொடுத்தார் என் வீட்டுக்காரர்.
வாடகை கொஞ்சம் அதிகம்தான்.

அதைப் பற்றி அண்ணி பேசியது ஒரே தடவை.
பூம்பாறையில் ஒரு கல்யாண வீடு,
பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தோம்.
"கந்தக வாடை போக
எனக்கு மூணு நாளாச்சு" என்றாள்,
அடுத்த அண்டாவை இழுத்தபடி.